அணு உலைக்கு எந்த எரிபொருள்? பாதுகாப்பை முன்வைத்து ஓர் ஒப்பீடு

அணு உலைகளுக்கான மாற்று எரிபொருள்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும், ஒவ்வொன்றின் ஆதரவாளரும் தத்தம் எரிபொருளே பாதுகாப்பானது என்கிறார்கள். தோரியத்தில் விபத்தே நேராது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். எரிபொருளைக் கரைத்துவைக்கும் உருகிய உப்பு ஏற்கெனவே உருகியிருப்பதால் அது உருகிவிடும் என்ற அச்சமே இல்லை என்கிறார்கள் வேறு சிலர். இப்போதுள்ள யுரேனியக் கோல்களுக்கு மேல் ஒரு பூச்சுப் பூசினால் போதும் என்கிறார்கள் உலைகளை நடத்துபவர்கள். முடிவெடுக்க வேண்டியவருக்கு இவற்றில் எதை எதனோடு ஒப்பிடுவது என்பதே முதல் சிக்கல். என் கருத்தில் எரிபொருளின் பெயரை வைத்து ஒப்பிடுவது பயனற்றது. அது எந்த வடிவில், எந்த உறைக்குள், எந்தக் குளிர்விப்பானோடு இருக்கிறது, உலை நின்ற பிறகு அதில் எஞ்சும் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பவற்றை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஏன் எஞ்சும் வெப்பம்? நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்கள் உள்ளே இறங்கியதும் தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடுகிறது. ஆனால் அதுவரை பிளந்த அணுக்களின் துண்டுகள் தொடர்ந்து சிதைந்து வெப்பம் தருகின்றன. நிறுத்திய கணத்தில் அது முழு வெப்பத் திறனில் ஆறு முதல் ஏழு விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை விழுக்காடு. ஒரு நாள் கழிந்த பின்னும் அரை விழுக்காட்டை ஒட்டி இருக்கும். 3000 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட ஓர் உலையில் இந்த அரை விழுக்காடு 15 மெகாவாட். அதை வெளியேற்ற மணிக்கு ஏறத்தாழ 20 டன் தண்ணீர் ஆவியாக வேண்டும், அதுவும் நிறுத்திய மறுநாள். சிதைவு வெப்பம் என்று சொல்லப்படும் இதை எந்தப் பொத்தானாலும் அணைக்க முடியாது. யுரேனியம் 235 பிளந்தாலும், புளூட்டோனியம் 239 பிளந்தாலும், தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம் 233 பிளந்தாலும், சிதைவு வெப்பத்தின் அளவு பெரிதும் மாறுவதில்லை. எரிபொருளை மாற்றினால் விபத்தே இராது என்ற வாதம் இந்த இடத்திலேயே வலுவிழக்கிறது.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமா தாய்இச்சியில் நிலநடுக்கம் ஏற்பட்டதும், இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் திட்டமிட்டபடி தாமாகவே நின்றன. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கழித்து வந்த ஆழிப்பேரலை டீசல் மின்னாக்கிகளையும் மின்பகிர்வுப் பலகைகளையும் மூழ்கடித்தது. அதன்பின் நடந்ததெல்லாம் சிதைவு வெப்பமும் உறையும் சேர்ந்து நடத்தியவை. இன்றைய நீர்க்குளிர் உலைகளில் யுரேனிய ஆக்சைடு வில்லைகள், அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனமுள்ள சிர்கோனியக் கலப்புலோகக் குழாய்களில் அடுக்கப்பட்டுள்ளன. நியூட்ரான்களை மிகக் குறைவாக விழுங்கும் உலோகம் என்பதால் சிர்கோனியம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அது நீராவியிலுள்ள ஆக்சிஜனை வேகமாகப் பறித்துக்கொண்டு, தானே மேலும் வெப்பத்தை உமிழ்ந்து, ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. ஒரு கிலோ சிர்கோனியம் முழுவதும் இப்படி மாறினால் அரை கன மீட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். பெரிய உலை ஒன்றில் இந்த உலோகம் 20 டன்னுக்கு மேல் உண்டு. ஃபுகுஷிமாவின் நான்காம் உலையில் அன்று எரிபொருளே ஏற்றப்பட்டிருக்கவில்லை. ஆயினும் மூன்றாம் உலையில் பிறந்த ஹைட்ரஜன், பொதுவான வெளியேற்றுக் குழாய் வழியே அதற்குள் புகுந்து அந்தக் கட்டடத்தையும் வெடிக்கச் செய்தது.

ஆகவே உறையை மாற்றுவதே முதல் தெரிவு. இயங்கிக்கொண்டிருக்கும் உலைகளுக்கு அதுதான் நடைமுறையில் கைக்கு எட்டுவதும்கூட. ஃபுகுஷிமாவுக்குப் பின், 2012-இல், விபத்தைத் தாங்கும் எரிபொருள்களை உருவாக்கும்படி அமெரிக்க நாடாளுமன்றம் அந்நாட்டு எரிசக்தித் துறையைப் பணித்தது. அதன் விளைவாக மூன்று வழிகள் முன்னுக்கு வந்துள்ளன. சிர்கோனியக் குழாயின் வெளிப்புறத்தில் சில பத்து மைக்ரான் கனத்திற்குக் குரோமியம் பூசுவது முதலாவது. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலப்புலோகத்தால் குழாயையே செய்வது இரண்டாவது. சிலிக்கான் கார்பைடு இழைகளால் ஆன பீங்கான் குழாய் மூன்றாவது. 2018-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஹேட்ச் உலையிலும் அடுத்த ஆண்டு அதே மாநிலத்தின் வோக்டில் உலையிலும் இவ்வகைச் சோதனைக் கோல்கள் ஏற்றப்பட்டன.

குரோமியப் பூச்சின் வரம்பைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ 1330 டிகிரியில் குரோமியமும் சிர்கோனியமும் ஒன்றோடொன்று கலந்து உருகத் தொடங்குகின்றன. அதற்கு மேல் பூச்சின் காப்பு கரைந்துபோகிறது. எனவே தண்ணீர் திரும்பவே வராத ஒரு விபத்தை இது தடுக்காது. உலைப் பணியாளர்களுக்குக் கூடுதல் நேரம் தரும், அவ்வளவே. இரும்புக் கலப்புலோகம் நீராவியை இன்னும் நன்றாகத் தாங்கும் என்றாலும் நியூட்ரான்களை விழுங்குவதால், யுரேனியத்தைக் கூடுதலாகச் செறிவூட்டியோ (அதில் யுரேனியம் 235-இன் பங்கை உயர்த்தியோ) குழாயை மெலிதாக்கியோ ஈடுகட்ட வேண்டும். கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியமும் அதன் வழியே எளிதில் கசியும். சிலிக்கான் கார்பைடு மூன்றிலும் மிக அதிக வெப்பத்தைத் தாங்கக்கூடியது. ஆனால் அது நொறுங்கும் இயல்புடையது, நான்கு மீட்டர் நீளக் குழாயின் இரு முனைகளையும் கசிவில்லாமல் மூடுவது இன்னமும் கடினமான வேலை. இவற்றுள் இன்று ஓர் உலையை நடத்துபவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டால், தயக்கமின்றிக் குரோமியப் பூச்சு என்பேன். பலன் சிறிது என்றாலும் உலையில் வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதால் அது விரைவில் பலருக்கும் கிடைக்கும். ஆனால் அந்தப் பூச்சைக் காரணம் காட்டி மின்னாக்கிகளை உயரமான இடத்துக்கு மாற்றுவதையோ நடமாடும் நீரேற்றிகளை வாங்குவதையோ தள்ளிப்போட்டால் அது மன்னிக்க முடியாத தவறு. சில மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பதில் பயன் உண்டாக வேண்டுமானால், அந்த நேரத்துக்குள் தண்ணீர் வந்தாக வேண்டும்.

அடுத்தது புளூட்டோனியம் கலந்த ஆக்சைடு எரிபொருள். பிரான்ஸ் பல பத்தாண்டுகளாக இதைப் பயன்படுத்திவருகிறது; அங்குள்ள 900 மெகாவாட் உலைகளில் எரிபொருள் அடுக்கப்பட்ட நடுப்பகுதியான உள்ளகத்தின் மூன்றில் ஒரு பங்கு வரை இது ஏற்றப்படுகிறது. இதைப் பாதுகாப்புக்கான தெரிவாக முன்வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை. பிளவு நிகழ்ந்து சற்றுப் பின்னால் வெளிவரும் தாமத நியூட்ரான்களே உலையை மனிதர் கட்டுப்படுத்தும் வேகத்தில் வைத்திருக்கின்றன. யுரேனியம் 235-இல் அவற்றின் பங்கு 0.65 விழுக்காடு, புளூட்டோனியம் 239-இல் அது 0.21 விழுக்காடு மட்டுமே. கட்டுப்பாட்டுக் கோல்களின் வலுவும் ஓரளவு குறைகிறது. தீர்ந்த எரிபொருள் நீண்ட காலம் சூடாக இருப்பதால் குளிர்விப்புக் குளத்தில் கூடுதல் ஆண்டுகள் கிடக்க வேண்டும். இவை எல்லாம் சமாளிக்கக்கூடியவை என்பதைப் பிரான்சின் அனுபவம் காட்டுகிறது. ஆனால் பிரித்தெடுத்த புளூட்டோனியத்தை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் இது விடை.

தோரியத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் பொதுமக்களின் நம்பிக்கை மிகுதியாகக் குவிந்திருப்பது அதன்மேல்தான். தோரியம் தானாகப் பிளவுறும் தொடர்வினையைத் தராது. ஒரு நியூட்ரானை ஏற்ற தோரியம் 232, முதலில் புரோட்டாக்டினியம் 233 ஆகி, 27 நாள் அரைவாழ்வோடு சிதைந்து யுரேனியம் 233 ஆகிறது, அதுதான் எரிபொருள். எனவே தொடக்கத்தில் செறிவூட்டிய யுரேனியமோ புளூட்டோனியமோ அருகில் இருந்தே தீர வேண்டும். 'தோரிய உலை' என்று தனியே ஒன்றும் இல்லை. நீர் உலையிலும், வாயு உலையிலும், உப்பு உலையிலும் தோரியத்தை இடலாம். பென்சில்வேனியாவின் ஷிப்பிங்போர்ட் நிலையத்தில் சாதாரண நீர்க்குளிர் உலையிலேயே 1977 முதல் 1982 வரை தோரிய உள்ளகம் ஒன்று இயங்கியது. இறுதியில் அளந்தபோது, தொடக்கத்தில் இட்டதைவிட ஏறத்தாழ 1.4 விழுக்காடு கூடுதலாகப் பிளவுறு பொருள் இருந்தது. கல்பாக்கத்திலுள்ள காமினி என்ற 30 கிலோவாட் ஆய்வு உலை 1996 முதல் யுரேனியம் 233-ஐக் கொண்டு இயங்குகிறது. ஆக, இயற்பியல் சரியாகவே இருக்கிறது.

பாதுகாப்பில் தோரிய ஆக்சைடுக்கு உண்மையான சில சிறப்புகள் உண்டு. அதன் உருகுநிலை ஏறத்தாழ 3300 டிகிரி, யுரேனிய ஆக்சைடைவிட நானூறு டிகிரிக்கும் மேல் கூடுதல். அது வெப்பத்தைச் சற்று நன்றாகக் கடத்துகிறது. மேலும் ஆக்சிஜனை ஏற்றுப் பருக்காத நிலையான சேர்மம் அது. ஆனால் உறை சிர்கோனியமாகவே இருக்குமானால், வில்லை எத்தனை டிகிரியைத் தாங்கினாலும் ஹைட்ரஜன் வேகமாகப் பிறப்பது 1200 டிகிரியைத் தாண்டியதும்தான். அந்த விபத்தின் போக்கைத் தோரியம் மாற்றுவதில்லை. யுரேனியம் 233-இன் தாமத நியூட்ரான் பங்கும் 0.26 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், புளூட்டோனியத்தைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். உலையை நிறுத்திய பின், மிச்சமிருக்கும் புரோட்டாக்டினியம் வாரக்கணக்கில் யுரேனியம் 233 ஆக மாறிக்கொண்டே இருப்பதால், நிறுத்திய உலையின் வினைத்திறன், அதாவது தொடர்வினையை நடத்தும் ஆற்றல், மெல்ல ஏறும் என்பதையும் வடிவமைப்பாளர் கணக்கில் கொள்ள வேண்டும். மறுசுழற்சியில் உடன்வரும் யுரேனியம் 232-இன் வழித்தோன்றலான தாலியம் 208 மிக ஊடுருவும் காமா கதிரை வெளியிடுகிறது. மூடிய பெட்டிக்குள் கையுறையிட்டுச் செய்யும் வேலையைத் தடித்த கவசச் சுவருக்கு அப்பால் நின்று தொலைக் கரங்களால் செய்ய வேண்டிவரும். தோரியத்தைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணங்கள் இருக்கின்றன: வளம் மிகுதி, நீண்ட ஆயுள் கொண்ட கன அணுக்கள் குறைவாகப் பிறத்தல். விபத்துத் தடுப்பை அந்தப் பட்டியலில் முதலிடத்தில் வைப்பது தவறு.

உலோக எரிபொருள் பலரும் மறந்துவிட்ட தெரிவு. 1986 ஏப்ரல் 3 அன்று, செர்னோபில் விபத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஐடஹோவில் ஈபிஆர் 2 என்ற சோடியம் குளிர் உலையில் இரு சோதனைகள் நடந்தன. முழுத் திறனில் இயங்கும்போது, தானியங்கி நிறுத்தத்தை வேண்டுமென்றே முடக்கிவிட்டு, முதலில் சோடியத்தை ஓடச்செய்யும் விசையேற்றிகளை நிறுத்தினார்கள். அதே நாளில் பின்னர் வெப்பம் வெளியேறும் வழியை அடைத்தார்கள். இரு முறையும் யாரும் எதையும் தொடாமலே உலை தானாகத் திறன் குறைந்து அடங்கியது. காரணம், உலோகம் ஆக்சைடைவிடப் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே எரிபொருளின் நடுப்பகுதிக்கும் குளிர்விப்பானுக்கும் வெப்பநிலை வேறுபாடு சிறிது, தேங்கிய வெப்பமும் சிறிது. சூடேறியதும் அமைப்பு விரிந்து நியூட்ரான்கள் கசிய, தொடர்வினை தளர்கிறது. ஆக்சைடு எரிபொருள் இதே சோதனையில் அவ்வளவு எளிதாக அடங்காது: திறன் குறையும்போது சூடான வில்லை குளிர்வதே வினைத்திறனை மீண்டும் கூட்ட முயலும்.

இதைப் படித்து மயங்கிவிடவும் கூடாது. 1955-இல் ஈபிஆர் 1 உலையில் எரிபொருள் கோல்கள் உள்நோக்கி வளைந்ததால் வினை கூடி, உலோக உள்ளகத்தின் ஒரு பகுதி உருகியது. 1966-இல் மிஷிகனின் ஃபெர்மி 1 உலையில், கழன்று வந்த ஒரு சிர்கோனியத் தகடு சோடியத்தின் பாதையை அடைத்து எரிபொருள் தொகுதிகளை உருக்கியது. சோடியமோ காற்றில் எரியும், தண்ணீரோடு சேர்ந்தால் சீறும். 1995 டிசம்பரில் ஜப்பானின் மொஞ்சு உலையில் ஒரு கசிவு தீயாக மாறி, அந்த உலையைப் பல ஆண்டுகள் முடக்கிப்போட்டது. உலோக எரிபொருளின் சிறப்பு முழுமையாக வெளிப்படுவது சோடியத்தோடு சேர்ந்தபோதுதான். அதை ஏற்பவர் சோடியத்தின் தொல்லையையும் ஏற்க வேண்டும்.

புதிய உலை ஒன்றைக் கட்டப்போகிறவர் விபத்துப் பாதுகாப்பை மட்டுமே முதல் அளவுகோலாகக் கொண்டால், நான் பரிந்துரைப்பது பூச்சிட்ட துகள் எரிபொருளை. டிரைசோ என்று அழைக்கப்படும் இதில், அரை மில்லிமீட்டர் அளவுள்ள எரிபொருள் மணியைச் சுற்றி நுண்துளைக் கார்பன், அடர்ந்த கார்பன், சிலிக்கான் கார்பைடு, மீண்டும் அடர்ந்த கார்பன் என்று நான்கு அடுக்குகள் உண்டு. எல்லாம் சேர்ந்தும் கசகசா அளவுதான். சீனாவின் ஷிதாவ் விரிகுடா உலையில், ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கிராஃபைட் கோளத்துக்குள் இத்தகைய துகள்கள் ஏறத்தாழ 12,000 பொதிந்திருக்கின்றன. யுரேனியத்தின் எடை ஏழு கிராம். நல்ல தரத்தில் செய்த துகள் 1600 டிகிரி வரை பிளவுப் பொருள்களைத் தன்னுள் பிடித்துவைக்கிறது. உறைக்குச் சிர்கோனியம் இல்லை. குளிர்விப்பான் ஹீலியம் என்பதால் எதனோடும் வினைபுரியாது.

ஆனால் துகள் மட்டும் இந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. அழுத்த நீர் உலையில் உள்ளகத்தின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 100 மெகாவாட் வெப்பம் பிறக்கிறது; ஷிதாவ் விரிகுடாவில் அது மூன்று மெகாவாட்டுக்குச் சற்று மேல். அடர்த்தி இவ்வளவு குறைவாகவும் உள்ளகம் ஒடுங்கியும் உயர்ந்தும் இருப்பதால்தான், குளிர்விப்பு நின்றாலும் சிதைவு வெப்பம் கிராஃபைட் வழியே கலனின் சுவருக்குப் பரவி வெளியேறிவிடுகிறது. 2023-இல் அந்நிலையத்தின் இரு உலைகளிலும், ஒவ்வொன்றும் 200 மெகாவாட்டில் இயங்கும்போது குளிர்விப்பை நிறுத்திச் சோதித்தார்கள். அவசரக் குளிர்விப்பு அமைப்பு எதுவும் தலையிடாமலே இரண்டும் இயல்பாகக் குளிர்ந்தன. வணிக அளவில் இயங்கும் உலையில் இதைச் செய்து காட்டியது மிகப் பெரிய சான்று. அதற்குக் கொடுக்கும் விலை, இரண்டு பெரிய கலன்களிலிருந்து மொத்தம் 210 மெகாவாட் மின்சாரமே கிடைப்பது. திறனைக் கூட்டிச் சிக்கனம் காண முயல்பவர் இந்தப் பாதுகாப்பையே விற்றுவிடுகிறார்.

ஜெர்மனியின் யூலிஷ் நகரில் 1967 முதல் 1988 வரை இயங்கிய கோள எரிபொருள் உலையின் பாடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். குறித்த வெப்பநிலைகளில் உருகும் கம்பிகள் வைத்த கோளங்களை அதனுள் அனுப்பிப் பார்த்தபோது, உள்ளகத்தின் சில பகுதிகளில் வெப்பநிலை கணக்கிட்டதைவிட மிகக் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. 1978-இல் நீராவி உண்டாக்கியின் கசிவால் தண்ணீரும் உட்புகுந்தது. கலன் முழுவதும் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் படிந்த தூசியால் மாசுபட்டு, அதைக் கலைத்து அகற்றுவது பெரும் சுமையாயிற்று. அன்றைய துகள்கள் இன்றைய தரத்தில் இல்லை என்பது உண்மை. எனினும் துகளின் தரம்தான் இங்கே காப்பு என்பதால், தயாரிப்பில் எத்தனை துகள்கள் பழுதாகின்றன என்ற கணக்கே இந்த எரிபொருளை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது.

உருகிய உப்பு எரிபொருளில் கருத்து அழகானது. யுரேனியம் ஃபுளோரைடு உப்பில் கரைந்திருக்கும், அழுத்தம் இல்லை, சூடேறினால் உப்பு விரிந்து வினை தளரும், உறைந்த உப்பாலான அடைப்பு உருகினால் எரிபொருள் முழுவதும் கீழேயுள்ள தொட்டிகளுக்கு வடிந்துவிடும். டென்னசியின் ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஒரு சிறிய சோதனை உலை இப்படி நன்றாகவே இயங்கியது. ஆனால் குழாய்களின் நிக்கல் கலப்புலோகத்தில் டெல்லூரியத்தால் மேற்பரப்பு விரிசல்கள் காணப்பட்டன. தாமத நியூட்ரான்களில் ஒரு பங்கு உள்ளகத்துக்கு வெளியே குழாயிலேயே பிறந்து வீணாகிறது. லித்தியம் உள்ள உப்பில் டிரிட்டியம் உண்டாகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், மற்ற எரிபொருள்களில் வில்லையும் உறையுமாக இருக்கும் முதலிரு தடுப்புகள் இங்கே இல்லை. கதிரியக்கப் பொருள் முழுவதும் குழாய்களிலும் விசையேற்றிகளிலும் வாயு வடிகட்டிகளிலும் உலவுகிறது. இது ஆய்வு உலைகளில் தொடர்ந்து சோதிக்கத்தக்கது. இன்றைக்கே மின்நிலையமாக வாங்கத்தக்கது அன்று.

எரிபொருள் கிடைக்குமா என்ற கேள்வியும் தேர்வைக் கட்டுப்படுத்துகிறது. டிரைசோவையோ உலோக எரிபொருளையோ பயன்படுத்தும் புதிய வடிவமைப்புகள் பெரும்பாலும் 5 முதல் 20 விழுக்காடு வரை செறிவூட்டிய யுரேனியத்தைக் கேட்கின்றன. வணிக அளவில் அதை விற்றுவந்தது ரஷ்யா. அந்த வழி அடைபட்டதும், வயோமிங்கில் திட்டமிட்ட சோடியம் உலை ஒன்று எரிபொருள் இன்மையால் குறைந்தது இரண்டு ஆண்டு தாமதமாகும் என்று 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

கடைசியாக, தீர்ந்த எரிபொருள். இதைப் பாதுகாப்பு ஒப்பீட்டுக்கு வெளியே வைப்பது வழக்கமாகிவிட்டது, அது சரியன்று. டிரைசோவில் கழிவின் பருமன் கிராஃபைட்டால் பன்மடங்கு பெருகினாலும், துகளின் உறையே நீண்ட காலக் காப்பாகவும் உதவும். சோடியம் கலந்த உலோக எரிபொருளை அப்படியே புதைக்க முடியாது. முதலில் பதப்படுத்த வேண்டும். ஓக் ரிட்ஜில் உலையை நிறுத்தியபின் உப்பைத் தொட்டிகளில் உறைய விட்டுவிட்டார்கள். குளிர்ந்த உப்பைக் கதிர்வீச்சு தாக்கியதில் ஃபுளோரின் பிரிந்து, அது யுரேனியத்தை வாயுச் சேர்மமாக்கி, குழாய்கள் வழியே கரி வடிகட்டி வரை கொண்டுசேர்த்தது. 1994-இல்தான், உலை நின்று கால் நூற்றாண்டு கழித்து, அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே எந்த எரிபொருளுக்கு உரிமம் கோரப்பட்டாலும், உலை மூடிய பின் அதை எந்த வேதி வடிவில், எவ்வளவு காலத்துக்குள், யாருடைய செலவில் அகற்றுவது என்ற திட்டமும் அதே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத விண்ணப்பத்தை ஒழுங்குமுறை ஆணையம் திருப்பி அனுப்ப வேண்டும்.